ஸ்டாம்பு ஒட்டிய மாத்திரைப் பெட்டி: விக்டோரியா காலத்து பேட்டன்ட் மருந்துகளும் மருந்துச் சோப்புகளும்

கல்வம்:

வணக்கம் நண்பர்களே. நான் டி.பார்ம் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன். எங்கள் ஆய்வகத்தில் மரமும் பித்தளையும் சேர்த்துச் செய்த பழைய மாத்திரை உருட்டும் கருவி ஒன்று ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. போன மாதம் அதைத் துடைத்து எடுத்து, விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இருந்த பீச்சம்ஸ் மாத்திரையை மாணவர்களோடு சேர்ந்து செய்து பார்த்தோம். சேர்மானம் எங்கே கிடைத்தது என்றால், பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-ல் இந்த மாதிரி மருந்துகளை எல்லாம் கடையில் வாங்கி, ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து, 'இரகசிய மருந்துகள்' என்ற பெயரில் ஒரு புத்தகமாகவே போட்டது. அதில் இருக்கிறது.

மூன்றே பொருள்தான். கரியபோளம் (காய்ந்து கெட்டியான கற்றாழைப் பால்), சுக்கு, சோப்பு. ஆமாம், சோப்புதான். ஒரு மாத்திரை சுமார் 80 மில்லிகிராம், அதில் கரியபோளம் 32, சுக்கு 36, மிச்சம் சோப்பு. கரியபோளத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினோம், கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும், ஆனால் கல்வத்தில் போட்டு அரைக்க ஆரம்பித்தால் கைச்சூட்டுக்கே அடியில் ஒட்டிக்கொள்ளும், அந்தக் கசப்பு காற்றிலேயே ஏறித் தொண்டைக்கு வந்துவிடும். சோப்பைச் சீவி நிழலில் காயவைத்துப் பொடித்தோம். மூன்றையும் கலந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதுவரை உதிர்ந்துகொண்டிருந்த பொடி சட்டென்று களிமண் பதத்துக்குத் திரண்டுவிடுகிறது. சோப்பின் வேலை அதுதான். திரித்திரியாக உருட்டி, பித்தளைப் பள்ளங்களின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்தால் ஒரே இழுப்பில் 24 உருண்டை.

இனிமேல்தான் நான் கேட்க வந்தது. ஒரு பெட்டியில் 56 மாத்திரை, விலை 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. அந்த 56 மாத்திரைக்கும் சேர்த்து மூலப்பொருள் செலவு அரை ஃபார்த்திங் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு 4 ஃபார்த்திங். கணக்குப் போட்டால் சரக்கின் விலையைப் போல 108 மடங்கு! அந்த மாத்திரையோடு சேர்ந்தே ஊரெல்லாம் பரவிய விளம்பர வாசகம் என்ன தெரியுமா, 'ஒரு பெட்டி ஒரு கினி பெறும்'. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். தாமஸ் பீச்சம் சிறுவனாக ஆடு மேய்த்தவர், அப்புறம் சந்தைகளில் மாத்திரை விற்று, 1859-ல் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் கடை போட்டு, தொழிற்சாலை எழுப்பியவர். அவர் பெயரில் இருந்த கம்பெனி பல இணைப்புகளுக்குப் பிறகு கிளாக்ஸோஸ்மித்க்ளைனில் கலந்தது, இன்று அதன் பெயர் ஜி.எஸ்.கே.

இவ்வளவு பெரிய ஏமாற்று அவ்வளவு காலம் எப்படி நடந்தது? படித்தவர்களும் வாங்கியிருக்கிறார்களே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழம்புத்தகன்:

நல்ல இழை சார். ஆனால் 'ஏமாற்று' என்று தொடக்கத்திலேயே முடிவு கட்டிவிட்டீர்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த 'கினி' ஏன் வந்தது என்று பாருங்கள். பெரிய டாக்டர் ஒருவரைப் பார்க்க வழக்கமான கட்டணம் ஒரு கினி. டாக்டரிடம் போக வேண்டாம், இந்தப் பெட்டியே போதும் என்பதுதான் அந்த வாசகத்தின் உள்பொருள். சரி, அந்தக் கினியைக் கொடுத்து டாக்டரிடமே போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் என்றால் கையைக் கீறி ரத்தம் எடுப்பார்கள், அட்டை விடுவார்கள், கலோமல் என்று பாதரச உப்பைக் கொடுப்பார்கள், வாயில் புண் வந்து எச்சில் ஊற்றி, பல் ஆடும். பக்கத்துக் கடையில் சுக்கும் கரியபோளமும் கலந்த மாத்திரை கிடைக்கிறது, இரவு போட்டால் காலையில் வயிறு சுத்தமாகிறது. ரொட்டியும் உருளைக்கிழங்கும் தேநீருமாகச் சாப்பிட்டு, நாள் முழுக்க மில்லில் நின்ற மனிதனுக்கு மலச்சிக்கல் உண்மையான நோய். அதற்கு அந்த மாத்திரை உண்மையான மருந்து. வாங்கியவர்களை முட்டாள்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்வம்:

முட்டாள்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சரி, கரியபோளம் வேலை செய்யும். அதிகமாகவே செய்யும், வயிற்றைப் பிடுங்கி எடுத்துவிடும், அந்த முறுக்கல் தெரியாமல் இருக்கத்தான் சுக்கு. அமெரிக்காவில் கடையில் சீட்டு இல்லாமல் விற்கும் மலமிளக்கிகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்கக் கூடாது என்று 2002-ல் நிறுத்திவிட்டார்கள், போதுமான பாதுகாப்புத் தரவு யாரும் தரவில்லை என்ற காரணத்துக்காக. ஆனால் விளம்பரம் மலச்சிக்கலோடு நின்றதா? தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, நரம்புக் கோளாறு, கெட்ட கனவு வரைக்கும் பட்டியல் போடுகிறதே.

வக்கீல்_தெரு:

'எப்படி நடந்தது' என்ற கேள்விக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் 'பேட்டன்ட் மருந்து' என்ற பெயரே தவறு. இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டன்ட் கிடையாது. பேட்டன்ட் வாங்க வேண்டுமானால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். இரண்டுமே இவர்களுக்கு ஆகாது. இவர்களிடம் இருந்தது ஒரு பெயர், ஒரு லேபிள், ஒரு ரகசியம். 1875-ல் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்த பிறகு அந்தப் பெயருக்கும் காவல் கிடைத்துவிட்டது, அதுவும் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பதால் காலவரையே இல்லாமல்.

அடுத்தது ஸ்டாம்பு. 1783-ல் ஆரம்பித்து 1812-ல் திருத்தி அமைத்த மருந்து முத்திரை வரி என்று ஒன்று. ரகசியச் சேர்மானம் உள்ள, தனக்கே உரியது என்று சொல்லி விற்கும் மருந்து ஒவ்வொன்றின் மேலும் அரசாங்க ஸ்டாம்பை ஒட்டியே விற்க வேண்டும். 1 ஷில்லிங் வரை விலை என்றால் வரி ஒன்றரைப் பென்னி. சார், நீங்கள் சொன்ன 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி என்ற கோணலான விலை இங்கிருந்துதான் வருகிறது. பெரிய பெட்டி 2 ஷில்லிங் 9 பென்னி, அதில் 3 பென்னி ஸ்டாம்பு.

அந்த ஸ்டாம்பு எங்கே இருக்கும் தெரியுமா? புட்டியின் தக்கைக்கு மேலே, அல்லது பெட்டியின் வாயைச் சுற்றி. அதைக் கிழித்தால்தான் மருந்தை எடுக்க முடியும். நோயாளியின் கண்ணில் முதலில் படுவது அரசாங்க முத்திரை. அது வெறும் வரிச்சீட்டு, மருந்து நல்லது என்று அரசாங்கம் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஆனால் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? கம்பெனிகளும் விளம்பரத்தில் 'அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அது போலி' என்றே எழுதின. ராணியின் அரசாங்கமே பார்த்து விட்ட மருந்து என்று ஜனங்கள் நம்பியதில் என்ன தப்பு?

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிற மருந்தை, எல்லோருக்கும் தெரிந்த மருந்தை, தகுதியுள்ள மருந்துக் கடைக்காரர் வரி இல்லாமல் விற்கலாம். ரகசியமாக விற்றால் வரி. ஆக ரகசியம் நீடிக்க நீடிக்க கஜானாவுக்கு வருமானம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டுக்கு மேல். 1868-ல் விஷப் பொருள்களைக் கட்டுப்படுத்த பார்மசி சட்டம் வந்தபோதும் பேட்டன்ட் மருந்துகளுக்கு அதிலிருந்து விலக்கு. வரி வாங்குகிறவனே காவல்காரனாக இருந்தால் இப்படித்தான்.

மழைக்குருவி:

ஐயோ, ஸ்டாம்பு விஷயம் எனக்குப் புதிது. நம் ஊரிலும் 'அரசு அனுமதி எண்' என்று ஒரு வரி இருந்தால் அம்மா அதற்கு மேல் எதையும் படிக்க மாட்டார்.

வார்டு_எண்_9:

நான் 17 வருடமாகக் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். பழம்புத்தகன் சொல்வதை முழுக்க மறுக்கவில்லை, வாங்கியவர்கள் பாவம்தான். ஆனால் மலச்சிக்கல் மாத்திரையை வைத்து மொத்த வியாபாரத்துக்கும் நற்சான்று கொடுத்துவிடாதீர்கள்.

காட்ஃப்ரே'ஸ் கார்டியல் என்று ஒரு பாகு. கருப்பஞ்சாற்றுப் பாகில் அபின் கலந்தது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் கைப்பக்குவத்தில் செய்ததால் வீரியம் கடைக்குக் கடை மாறும். மில் வேலைக்கும் லேஸ் பின்னும் வேலைக்கும் போன தாய்மார்கள் குழந்தையைக் கவனிக்க ஆள் இல்லாமல், அல்லது பார்த்துக்கொள்ளும் கிழவி தன் வேலையைக் குறைத்துக்கொள்ள, ஒரு கரண்டி கொடுத்துவிடுவார்கள். குழந்தை அழாது. 'சமர்த்துக் குழந்தை' என்று பெயர். அதற்கு நடந்தது என்னவென்றால், அபின் பசியை அடக்கிவிடும். அழாத குழந்தைக்கு யாரும் பால் கொடுக்க மாட்டார்கள். வற்றி, தோல் சுருங்கி, கைக்குழந்தை கிழவன் முகத்தோடு இருந்ததாக அந்தக் காலத்து மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். மூச்சு நின்று செத்தவை ஒருபக்கம், பட்டினியில் செத்தவை இன்னொருபக்கம். இரண்டாவது வகைக்கு இறப்புப் பதிவேட்டில் 'உடல் மெலிவு' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், அபின் கணக்கில் வராது.

அமெரிக்காவில் மிஸஸ் வின்ஸ்லோ'ஸ் சூத்திங் சிரப். பல் முளைக்கும் குழந்தைக்கு என்று 1849-லிருந்து விற்றது, இங்கிலாந்திலும் விற்றது. ஒரு அவுன்சில் 65 மில்லிகிராம் மார்ஃபின். வார்டில் கைக்குழந்தைக்கு மார்ஃபின் கொடுக்க வேண்டி வந்தால் நாங்கள் எடையைப் பார்த்து மைக்ரோகிராமில் கணக்குப் போட்டு, இரண்டு பேர் சரிபார்த்து, மூச்சு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே கொடுப்போம். இதை நினைத்துக்கொண்டு அந்த விளம்பரப் படத்தைப் பார்த்தேன். அம்மா மடியில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரும் விக்டோரியா காலத்து நாட்டிங்ஹாம் ஊரின் சரக்குதான், வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் 1851-ல் செய்தது. அதில் அபின் கிடையாது, சோயிக்கீரை விதை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கொஞ்சம் ஆல்கஹால். ஆல்கஹாலை இங்கிலாந்தில் 1992-ல்தான் எடுத்தார்கள். அபின் பாகு விற்ற ஊரிலேயே அபின் இல்லாத ஒன்று வந்தது பெரிய விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

கல்வம்:

சகோதரி, இதைப் படித்த பிறகு என் கேள்வியின் கோணமே மாறிவிட்டது. நான் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழம்புத்தகன்:

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு மறுவார்த்தை இல்லை.

அபின் என்றதும் குளோரோடைன் ஞாபகம் வருகிறது, அதற்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஜான் காலிஸ் பிரவுன் இந்தியாவில் ஆங்கிலேய ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர், காலராவுக்கு என்று கலந்த மருந்து அது. அபின் சாராயம், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம், வாசனைக்குப் புதினா. 1856 வாக்கில் டேவன்போர்ட் என்ற லண்டன் மருந்துக்காரரோடு சேர்ந்து கடைக்கு வந்தது. பேதி நிற்கும், வலி நிற்கும், பயமும் போய்விடும். காலராவில் ஆளைக் கொல்வது நீர் இழப்பு, அபின் குடலை நிறுத்துமே தவிர இழந்த நீரைத் திருப்பித் தராது. உப்பு நீரை ரத்தக் குழாயில் ஏற்றினால் சாகக் கிடந்தவர் எழுந்து உட்காருகிறார் என்று தாமஸ் லாட்டா என்ற டாக்டர் ஸ்காட்லாந்தில் லீத் ஊரில் 1832-லேயே காட்டிவிட்டார், அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. புட்டியில் அடைத்து விற்க முடிந்த மருந்துக்குத்தான் விளம்பரம் இருந்தது. 1892-ல் நீதிமன்றம் வரை போன பிறகுதான் குளோரோடைன் புட்டியில் 'விஷம்' என்ற சொல் ஏறியது.

நுரை:

எல்லோரும் மாத்திரையையும் பாகையும் பிடித்துக்கொண்டீர்கள், தலைப்பில் சோப்பும் இருக்கிறதே! நான் ஈரோட்டில் கையால் சோப்பு காய்ச்சி விற்கிறேன், அதனால் இந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விக்டோரியா காலத்து மருந்துச் சோப்பின் மூலம் எது என்று கேட்டால் தெருவிளக்கு. லண்டன், மான்செஸ்டர் தெருக்களில் எரிந்த வாயுவை நிலக்கரியைச் சூடாக்கித்தான் எடுத்தார்கள். மிச்சம் கறுப்பாக, கெட்டியாக, நாறிக்கொண்டு தார் நிற்கும். அதைக் கொட்ட இடமில்லாமல் தவித்தார்கள். அதிலிருந்து 1856-ல் பெர்கின் என்ற பையன் ஊதாச் சாயம் எடுத்தான், அப்புறம் எல்லோரும் தாரைக் கிண்ட ஆரம்பித்தார்கள். தாரில் ஏற்கெனவே 1834-ல் கண்டுபிடித்திருந்த ஒன்று கார்பாலிக் அமிலம், இப்போது நாம் பீனால் என்கிறோம். நம் ஊர்த் தரை துடைக்கும் கறுப்புப் பினாயில் நாறுகிறதே, அந்த வாசனைக் குடும்பம்தான்.

கார்லைல் ஊரில் சாக்கடைக் கழிவின் மேல் கார்பாலிக் ஊற்றியதும் நாற்றம் அடங்கியது என்ற செய்தி ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவரின் கவனத்துக்கு வந்தது. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே வந்த 11 வயதுப் பையனின் புண்ணில் கார்பாலிக் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். அந்த மாதிரிப் புண் என்றால் அப்போது காலை வெட்டுவதுதான் வழக்கம். பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். லிஸ்டர் 1867-ல் அதை எழுதி வெளியிட்டார்.

அதற்கப்புறம் கார்பாலிக் என்ற சொல்லுக்கே ஒரு பவர் வந்துவிட்டது. மான்செஸ்டரில் கால்வெர்ட் கம்பெனி கார்பாலிக் சோப்பு, கார்பாலிக் பல்பொடி என்று வரிசையாக இறக்கியது. லண்டனில் ரைட் என்ற மொத்த மருந்து வியாபாரி 1860-களில் நிலக்கரித் தார்ச் சோப்பு கொண்டுவந்தார். 1894-ல் லீவர் சகோதரர்கள் லைஃப்பாய். அடுத்த வருடமே அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. எங்கள் தாத்தா கிணற்றடியில் வைத்திருந்த செங்கல் நிற லைஃப்பாய்க் கட்டி, காய்ந்தால் நடுவில் வெடிப்பு விடும், அந்த ஆஸ்பத்திரி வாசனை துண்டில் இரண்டு நாள் நிற்கும். அந்த வாசனை வந்தால்தான் குளித்த மாதிரி என்பார்.

சோப்பு காய்ச்சுகிறவளாக நான் சொல்வது இதுதான். மாத்திரையில் பொய் இருந்தால் உடம்பு கெட்டது. சோப்பில் விளம்பரம் எவ்வளவு பொய்யாக இருந்தாலும் சோப்பு சோப்பின் வேலையைச் செய்தது. கிருமி ஒட்டியிருக்கும் கொழுப்பையும் அழுக்கையும் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோவதற்குக் கார்பாலிக் அவசியமே இல்லை. வாசனைக்காக வாங்கினார்கள், கை சுத்தமானது. தாருக்கும் அதன் அளவில் குணம் உண்டு, தோல் அரிப்புக்கும் செதில் உதிர்வதற்கும் இன்றுகூடத் தோல் டாக்டர்கள் தார் ஷாம்பு எழுதுகிறார்கள்.

1853 வரைக்கும் இங்கிலாந்தில் சோப்புக்கு வரி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அதை எடுத்தார். அதே வருடம் விளம்பர வரியையும் எடுத்தார்கள். இரண்டும் ஒரே வருடத்தில் போனதும் சோப்பு விளம்பரம் எப்படிப் பெருகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வார்டு_எண்_9:

அக்கா, எல்லாச் சோப்பையும் விட்டுவிடாதீர்கள். முகம் வெளுக்க ஆர்செனிக் சோப்பு என்று விற்றார்களே, டாக்டர் மெக்கன்சி என்ற பெயரில் வில்லையும் சோப்பும் விளம்பரத்தில் வரும். பாஷாணம் சேர்த்திருக்கிறோம் என்பதையே பெருமையாகப் போட்டிருப்பார்கள், பக்கத்திலேயே 'தீங்கற்றது' என்ற சொல்லும் இருக்கும். இன்றைக்கும் வெள்ளையாக்கும் கிரீமில் பாதரசம் இருக்கிறது என்று பிடிக்கிறார்கள். சிறுநீரகம் கெட்டுப் பெண்கள் வருகிறார்கள்.

நுரை:

ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டது தப்பு. அந்தச் சோப்பு அழுக்கை எடுக்க வந்ததில்லை, நிறத்தை எடுக்க வந்தது. பியர்ஸ் பக்கமும் இது உண்டு. தோல் டாக்டர் எராஸ்மஸ் வில்சனின் நற்சான்றை வருடக்கணக்கில் போட்டார்கள், ஓவியர் மில்லேயின் சோப்புக் குமிழிப் படத்தை வாங்கி விளம்பரமாக்கினார்கள், அது வரைக்கும் சரி. கறுப்புக் குழந்தையைக் குளிப்பாட்டினால் வெள்ளையாகிறது என்றும் படம் போட்டார்கள். அதைப் பார்த்த பிறகு அந்த வாசனையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

வக்கீல்_தெரு:

கார்பாலிக் என்ற சொல் வந்த பிறகு நான் சும்மா இருக்க முடியாது. சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படித்த யாரைக் கேட்டாலும் கார்லில் வழக்கு தெரியும். நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 8-வது பிரிவை நடத்தும்போது ஆசிரியர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்று ஒரு கம்பெனி விற்றது: ரப்பர் பந்து ஒன்று, உள்ளே கார்பாலிக் தூள், ஒரு குழாய். பந்தை அமுக்கினால் புகை மாதிரித் தூள் மூக்கில் ஏறும், தும்மல் வரும், மூக்கு ஒழுகும். விலை 10 ஷில்லிங். 1889-90-ல் உலகமெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்ஸாவின் பயம் இன்னும் போகவில்லை. 1891 நவம்பர் 13 அன்று பத்திரிகையில் விளம்பரம்: சொன்னபடி தினம் மூன்று வேளை இரண்டு வாரம் பயன்படுத்தியும் யாருக்காவது இன்ஃப்ளூயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், எங்கள் நேர்மைக்கு அடையாளமாக அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம். லூயிசா கார்லில் என்ற பெண்மணி 20-ஆம் தேதி வாங்கி, ஜனவரி 17 வரை விடாமல் மூன்று வேளையும் பயன்படுத்தினார். அன்று காய்ச்சல் வந்துவிட்டது. பணத்தைக் கேட்டார். கம்பெனி, அது சும்மா விளம்பரத்துக்காகச் சொன்னது, யாரோடும் ஒப்பந்தம் இல்லை என்றது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். வங்கியில் பணம் போட்டிருக்கிறேன் என்று சொன்னவன் சும்மா சொன்னேன் என்று பிறகு சொல்ல முடியாது.

சட்டக் கல்லூரியில் இதை ஒப்பந்தப் பாடமாகத்தான் படித்தேன், இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அந்தப் பந்து நோயைத் தடுக்குமா என்ற கேள்வியை வைத்து அந்த அம்மா ஜெயிக்கவில்லை. 100 பவுண்டு என்று எழுதிக் கொடுத்த வாக்கை வைத்துத்தான் ஜெயித்தார். பரிசு அறிவிக்காமல் 'குணமாகும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்களை யார் என்ன செய்திருக்க முடியும்? தோற்ற பிறகும் கம்பெனி அடங்கவில்லை, நிபந்தனைகளை இறுக்கிக்கொண்டு 200 பவுண்டு பரிசு என்று புது விளம்பரம் போட்டது.

மழைக்குருவி:

என் அண்ணன் மகள் லண்டன் பக்கம் ராயல் ஹாலோவேயில் படிக்கிறாள். செங்கல் அரண்மனை மாதிரி இருக்கும், பெண்கள் படிக்க 1886-ல் விக்டோரியா ராணியே வந்து திறந்தது என்று படம் அனுப்பினாள். அந்தக் காலத்தில் ஹாலோவே மாத்திரை என்றும் ஒன்று விற்றதாமே, அந்த ஹாலோவேதானா இவர்?

பழம்புத்தகன்:

அவரேதான். தாமஸ் ஹாலோவே, 1837-ல் களிம்பில் ஆரம்பித்து மாத்திரைக்கு வந்தவர். முதல் களிம்பை அம்மாவின் சமையல் பாத்திரத்தில் காய்ச்சினார் என்பார்கள். விளம்பரக் கடனில் சிறைக்கும் போனவர். 1883-ல் சாகும் சமயத்தில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50,000 பவுண்டு. அந்தப் பணத்தில் ஒரு மனநல மருத்துவமனையும் பெண்கள் கல்லூரியும் எழுந்தன. பெண்களுக்குக் கல்லூரிக் கதவு அதிகம் திறக்காத காலம் அது. மாத்திரையை நினைத்தால் கோபம் வருகிறது, அந்தக் கட்டிடத்தில் படித்து வந்த பெண்களை நினைத்தால் மனம் நிறைகிறது. எனக்கு இரண்டும் உண்மை.

வார்டு_எண்_9:

பெண்கள் என்றதால் ஒன்று. பத்திரிகைகளில் 'பெண்களின் அடைப்பு நீக்கும் மாத்திரை' என்று வரும். கருக்கலைப்பு என்று அச்சிட முடியாது, படிப்பவருக்குப் புரியும். 1890-களில் கிரைம்ஸ் என்ற பெயருடைய மூன்று சகோதரர்கள் இப்படி விளம்பரம் போட்டுத் தபாலில் ஆர்டர் எடுத்தார்கள். அப்புறம் 1898-ல், ஆர்டர் கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதிகாரி ஒருவர் எழுதுவது போலக் கடிதம் போனது: நீ செய்தது குற்றம், 2 பவுண்டு 2 ஷில்லிங் அனுப்பாவிட்டால் நடவடிக்கை. வேலைக்காரப் பெண்கள் எல்லாம் பணம் அனுப்பியிருக்கிறார்கள். வெளியே சொல்ல முடியாத பயத்தில் வாங்கியவர்களை அதே பயத்தை வைத்து இரண்டாம் தடவை பிடுங்கினார்கள். கடைசியில் மூன்று பேரும் சிறைக்குப் போனார்கள்.

கல்வம்:

இதெல்லாம் தெரிந்தும் ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஒரு விவரம். நான் ஆரம்பத்தில் சொன்ன மருத்துவச் சங்கப் புத்தகத்தின் விலை 1 ஷில்லிங், மாத்திரைப் பெட்டியை விடக் குறைவு. அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் போடப் பல செய்தித்தாள்கள் மறுத்துவிட்டன, காசு கொடுத்தும். அவற்றின் வருமானம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்தானே. 1912-ல் நாடாளுமன்றக் குழு அமைத்து, இரண்டு வருடம் விசாரித்து, சேர்மானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது உட்படக் கடுமையான பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. வந்த தேதி 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் போரில் இறங்கியது. அறிக்கை அப்படியே கிடந்தது. லேபிளில் சேர்மானம் கட்டாயம் என்று ஆனதும், அந்த ஸ்டாம்பு வரி ஒழிந்ததும் 1941-ல்.

மழைக்குருவி:

இவ்வளவு நேரம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். போன வருடம் என் பெரியம்மா சர்க்கரைக்கு ஒரு சூரணம் வாங்கிச் சாப்பிட்டார், போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். சர்க்கரை குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள் விடிகாலையில் நினைவு இல்லாமல் கிடந்தார், வேர்த்து ஊற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை அளவு 38. டாக்டர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார், இதில் என்ன இருக்கிறது? டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். 'மூலிகைகள்' என்ற ஒரு சொல்லைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம் என்றார். பெரியம்மா பிழைத்துவிட்டார். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் இப்போது யாரும் எடுப்பதில்லை. டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது. இதை என்ன செய்வது?

வக்கீல்_தெரு:

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, கூரியர் கவர், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் டப்பாவோடு ஒரே பையில் வையுங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி இங்கே குற்றம், அதன் அட்டவணையில் சர்க்கரை நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. விளம்பரத்தின் படம் போனில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். மாவட்டத்தில் மருந்து ஆய்வாளர் இருப்பார், அவரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தனிச் செய்தியில் வாருங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.

கல்வம்:

டப்பாவை இறுக மூடி, வெயில் படாமல், ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள் அம்மா. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று எடைபோட்டு எழுதி வையுங்கள். யாருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள், அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பதை அரசு ஆய்வகம் சொல்லட்டும்.

நாங்கள் உருட்டிய மாத்திரைகள் ஒரு சிறு புட்டியில் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. நேற்று ஒரு மாணவி அதில் சீட்டு ஒட்டினாள். கரியபோளம் 32 மி.கி., சுக்கு 36 மி.கி., சோப்பு 12 மி.கி., உருட்டிய தேதி, 'உட்கொள்ளக் கூடாது'. பெயர் என்ன போடுவது சார் என்று கேட்டாள். பெயர் வேண்டாம் என்றேன்.